கொப்பரை, கரி, மரச்சீனி
(எரிபொருளின் கதை – 17)

சென்ற இதழில் 1929இல் திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்ததையும், 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதையும் பார்த்தோம். மின்சாரம் வந்துவிட்டது, இனி மரத்திலிருந்தும் செடியிலிருந்தும் எரிபொருள் எடுக்கும் காலம் முடிந்தது என்றுதான் அன்று யாரும் நினைத்திருப்பார்கள். இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. தாவர எரிபொருள் விளக்குமாடத்தை விட்டு இறங்கி பஸ்ஸின் முதுகில் ஏறிக்கொண்டது. அந்தப் பயணத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் ஓர் எரிபொருளுக்கு முழுக் கணக்கு எழுதுவது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பழவங்காடியைவிட நல்ல இடம் கிடையாது.

தேங்காயின் பாகப்பிரிவினை

கிழக்கேகோட்டையில் இருக்கிறது பழவங்காடி கணபதி கோயில். திருவிதாங்கூரின் நாயர் படை வீரர்கள் பத்மநாபபுரத்தில் கும்பிட்டுவந்த பிள்ளையார் இவர். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு கூடவே வந்துசேர்ந்தார். விடுதலைக்குப் பின் அந்தப் படை இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இணைந்தது. கோயில் நிர்வாகம் இன்றும் ராணுவத்தின் கையில். இங்கே முக்கியமான நேர்ச்சை தேங்காய் உடைப்பது. கூப்பிடு தூரத்தில், திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய சாலை பஜார். தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தெரு அது. தேங்காய், கொப்பரை, எண்ணெய், கயிறு, புண்ணாக்கு எல்லாம் மாட்டுவண்டிக் காலத்திலிருந்து விலைபோன வட்டாரம் இது.

மண்ணெண்ணெய் வரும்வரை ஊரின் இரவு தேங்காயெண்ணெயை நம்பித்தான் இருந்தது. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, முறைஜபத்தின் நிறைவில் லட்சதீபம் ஏற்றுவார்கள். 1750இல் மார்த்தாண்டவர்மா தொடங்கிவைத்த வழக்கம். ஒரு விளக்குக்கு 10 மில்லிலிட்டர் எண்ணெய் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் விளக்குக்கு 1,000 லிட்டர். கேரளத்துக் காயில் ஒரு டன் கொப்பரை எடுக்க ஏறத்தாழ 6,800 தேங்காய் வேண்டும். அதை ஆட்டினால் 620 கிலோ அளவுக்கு எண்ணெய் கிடைக்கும். ஒரு லிட்டருக்குப் பத்துத் தேங்காய் என்று ஆகிறது. ஓர் இரவின் வெளிச்சத்துக்குப் பத்தாயிரம் தேங்காய். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 7,000 காய் என்ற சராசரியில், ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேர் தோப்பு ஓர் ஆண்டு முழுதும் காய்த்தது ஒரே இரவில் எரிந்துபோகிறது.

ஆனால் அந்தத் தோப்பின் உழைப்பு முழுவதையும் விளக்கின் பேரில் எழுதிவிடலாமா? கதம்பை கயிறாகிறது. சிரட்டை அடுப்புக்குப் போகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு. ஓலை கூரைக்கு. உரிக்காத காயின் எடையில் எண்ணெய் பத்தில் ஒரு பங்கு அளவுதான். எடைப்படி செலவைப் பிரித்தால், தோப்புக்குப் போட்ட உரமும் இறைத்த தண்ணீரும் பெரும்பாலும் கதம்பையின் தலையில் விழும், எண்ணெய் தப்பித்துக்கொள்ளும். சந்தை விலைப்படி பிரித்தால் மாட்டிக்கொள்வது எண்ணெய். தோப்பும் மாறவில்லை, காயும் மாறவில்லை; பங்கு பிரிக்கும் விதி மட்டும் மாறியது. எண்ணெயைச் ‘சுத்தமான எரிபொருள்’ என்றோ ‘அசுத்தமானது’ என்றோ சொல்ல அதுவே போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நார் எடுப்பதற்காகக் கதம்பையைக் கடினங்குளம் போன்ற காயல்களில் மாதக்கணக்கில் ஊறவைத்து அழுகவிடுவார்கள். காற்றுப் புகாத சேற்றில் அழுகும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் காயலோரத்தில் வசிப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதோடு சேர்ந்து வரும் மீத்தேனுக்கு மணம் கிடையாது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ அளவு கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இந்தச் செலவு கயிற்றுக்கா, எண்ணெய்க்கா? கொப்பரையை வெயிலில் காயப்போட்டால் ஒரு கணக்கு, சிரட்டையை எரித்துப் புகையில் உலர்த்தினால் வேறொரு கணக்கு. திரி எரிவதற்கு முன்பே பேரேட்டில் இத்தனை வரிகள் ஏறிவிடுகின்றன.

இப்படிப் பின்னோக்கிப் போய் எண்ணும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கிட்டு, அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று விட்டிருக்கிறார்கள். நெய்யோடு நிற்காமல் நெய்யைத் தரும் மந்தை வரைக்கும் போன கணக்கு அது. மந்தையைப் பொறுப்பேற்ற இடையர் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர வேண்டும். விளக்கு நிலைக்க வேண்டுமானால் மூலதனம் தேயக் கூடாது என்ற நிபந்தனை அங்கே கல்லிலேயே வெட்டப்பட்டது. பிற்காலத்து எரிபொருள் ஒப்பந்தங்கள் பலவற்றில் இந்த நிபந்தனையைத் தேடினாலும் கிடைக்காது.

கரி பஸ் காலம்

1938 பிப்ரவரி 20ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு போக்குவரத்துத் துறை பிறந்தது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் அதன் பொறுப்பாளர். முதல் பஸ்ஸில் சித்திரைத் திருநாள் மகாராஜாவும் குடும்பத்தாரும் பயணம் செய்தார்கள். காமர் அடிச்சட்டம், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். முதல் வழித்தடம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தன. தமிழகத்தோடு சேர்ந்தது 1956இல்.

பஸ் ஓடத் தொடங்கி ஒன்றரை ஆண்டில் உலகப்போர் வந்தது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அடுத்த மாதம் பர்மாவின் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று, பின்வாங்கிய பிரிட்டிஷாரே தகர்த்துவிட்டுப் போனார்கள். இந்தியாவுக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பெருமளவு வந்துகொண்டிருந்த வாசல் அடைபட்டது. பர்மா அரிசியும் நின்றது. அதன் விளைவைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸை எப்படி ஓட்டுவது? ஐரோப்பாவில் விடை தயாராக இருந்தது. ஜார்ஜ் இம்பர்ட் என்ற பொறியாளர் 1920களில் செம்மைப்படுத்திய எரிவாயுக் கலன்களைப் பொருத்தி, போர்க்காலத்தில் அங்கே லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. தமிழ்நாட்டில் அதைக் கையிலெடுத்தவர் மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார். அவர் வடிவமைத்துத் தயாரித்த டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட், நின்றுபோகவிருந்த பஸ்களை ஓடவைத்தது. திருவிதாங்கூர் ரோடுகளிலும் கரி பஸ்கள் புகைந்தன.

அதன் அமைப்பு எளிது. பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளை. மேலே மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்டுவார்கள். அடியில் கனலைப் பற்றவைத்துக் கையால் காற்றுச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன். இவைதான் எரிபொருள். மீதிப் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வந்த, எதற்கும் உதவாத நைட்ரஜன். அந்த வாயுவைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் தரும் சக்தியில் பாதியோ, சற்றே கூடவோ கிடைக்கும். மேட்டில் வண்டி திணறும். பயணிகள் இறங்கி நடப்பார்கள், தேவைப்பட்டால் தள்ளவும் செய்வார்கள். வழியில் நிறுத்திச் சாம்பலைத் தட்டிக் கரியை நிரப்ப வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

இதற்கு முழுக் கணக்கு எழுதிப் பார்ப்போம். மண் மூடிய சாதாரணக் கரிச்சூளையில் ஒரு கிலோ கரிக்கு ஆறு கிலோ விறகு போகும் என்று வையுங்கள். விறகில் இருந்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு சூளையிலேயே புகையாகிவிட்டது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு அளவு வாயுக் கலனில் வீணாகிறது. விறகில் 100 இருந்தது என்றால் எஞ்சினை எட்டுவது 22. எஞ்சின் அதிலும் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாக இறைத்துவிட, சக்கரத்தைச் சுழற்றுவது நாலோ ஐந்தோ.

கரியமில வாயுவின் கணக்கு இதைவிட வியப்பானது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஒன்றரைக் கிலோ கரி தேவை. அதற்கு ஒன்பது கிலோ விறகு. அந்த விறகிலுள்ள கார்பன் முழுதும் காற்றில் கலந்தால் 13 கிலோ அளவு கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. அந்த நேரத்து வரவை மட்டும் பார்த்தால் கரி பஸ் பெட்ரோல் பஸ்ஸைவிட ஐந்து மடங்குக்கு மேல் கக்கியிருக்கிறது. சூளைப்புகையில் மீத்தேனும் உண்டு, அது தனி.

அப்படியானால் தாவர எரிபொருளுக்கு எதற்கு நல்ல பெயர்? மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்பிப் போகிறது, அதே இடத்தில் இன்னொரு மரம் வளர்ந்தால் அதை மறுபடியும் இழுத்துக்கொள்ளும் என்பது வாதம். சரியான வாதம்தான், இரண்டு நிபந்தனைகளோடு. மரம் மறுபடி நடப்பட வேண்டும். அது வளரும்வரை காத்திருக்க வேண்டும். வெட்டியது ஒரு நாள், வளர்வது இருபது முப்பது ஆண்டு. அத்தனை காலமும் அந்தக் கார்பன் கடனாகவே காற்றில் நிற்கும். போர்க்காலத்தில் கரிக்காக மரம் வெட்டியவர்களிடம் இதையெல்லாம் கேட்பதில் பொருளில்லை. ஜப்பான் வாசலுக்கு வந்துவிட்டது, பஸ் ஓட வேண்டும் என்பதுதான் அன்றைய கேள்வி. கரி அதற்குச் சரியான விடை.

டீசல் எஞ்சினுக்குக் கரி எதற்கு, ஊர் நிறையத் தேங்காயெண்ணெய் இருந்ததே என்று கேட்கலாம். ஓடியிருக்கும். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலையெண்ணெயில் ஓடிக் காட்டியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையால் அங்கேயே எஞ்சின் ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு அரசுக்கு ஓர் ஆசை. இப்போது நம் கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் பஸ் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு 65 கிலோமீட்டர் போய்த் திரும்ப, டீசலைவிடச் சற்று வலுக்குறைந்த தேங்காயெண்ணெய் 36 லிட்டர் பிடிக்கும். ஒரு நடைக்கு 360 தேங்காய். நாளுக்கு ஒரே நடை, ஆண்டு முழுதும் என்றால் 19 ஹெக்டேர் தோப்பு வேண்டும். ஏறக்குறைய 47 ஏக்கர், ஒரே ஒரு பஸ்ஸுக்கு! சமையலுக்கும் தலைக்கும் சோப்புக்கும் போய்க்கொண்டிருந்த எண்ணெயை யார் பஸ்ஸுக்கு ஊற்றுவார்கள்?

பசியாற்றிய கிழங்கு

பர்மா அரிசி நின்றதும் திருவிதாங்கூர் பட்டினியின் விளிம்புக்கு வந்தது. அப்போது உயிர்களைத் தாங்கிப் பிடித்தது மரச்சீனி. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதை ஊக்கப்படுத்திப் பரப்பியவர். போர்க்காலத்தில் மூன்று வேளையும் மரச்சீனி தின்று பிழைத்த குடும்பங்கள் கேரளத்திலும் குமரியிலும் ஏராளம்.

1963இல் பழவங்காடியிலிருந்து சற்றுத் தொலைவில், ஸ்ரீகாரியத்தில், மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. புதிய ரகங்களோடு, மரச்சீனி மாவிலிருந்து எத்தனால் வடிக்கும் முறையையும் அந்த நிலையம் உருவாக்கியது. 2022ஆம் ஆண்டு கேரள பட்ஜெட்டிலும் மரச்சீனியிலிருந்து எத்தனால் எடுக்கும் முன்னோடித் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது.

தேங்காயோடு இதை ஒப்பிட்டால் முதல் பார்வைக்கு மரச்சீனி வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஹெக்டேருக்கு 35 டன் கிழங்கு. டன்னுக்கு 160 லிட்டர் எத்தனால். மொத்தம் 5,600 லிட்டர். எத்தனாலில் பெட்ரோலைப்போல் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். அப்படிக் கழித்தாலும் தேங்காய்த் தோப்பு தரும் 700 லிட்டர் எண்ணெயைப்போல் ஐந்து மடங்கு ஆற்றல் ஒரே அளவு நிலத்திலிருந்து.

செலவுப் பக்கத்தைத் திருப்பினால்தான் வித்தியாசம் தெரியும். தேங்காயிலிருந்து எண்ணெய் எடுக்க வெயிலும் செக்கும் போதும். கிழங்கிலிருந்து எத்தனால் எடுக்க மாவை வேகவைக்க வேண்டும், நொதிக்கவைக்க வேண்டும். நொதித்து வருவதில் பெரும்பகுதி தண்ணீர். அதிலிருந்து சாராயத்தைப் பிரிக்கக் கொதிகலன் ஓயாமல் நீராவி தர வேண்டும். எத்தனாலில் அடங்கிய ஆற்றலில் கணிசமான பங்கை இந்த வடிப்பே விழுங்கிவிடுகிறது. ஆகவே எத்தனால் ஆலையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கொதிகலனுக்கு அடியில் எரிவது எது? மரச்சீனியிலிருந்து பெருமளவில் எத்தனால் எடுக்கும் தாய்லாந்திலும் சீனாவிலும் நடந்த ஆய்வுகள் மறுபடி மறுபடி வந்து நின்ற இடம் இதுதான். நிலக்கரியை எரித்து எத்தனால் வடித்தால், கிடங்கிலிருந்த கரியைத் திரவமாக்கி வண்டியில் ஊற்றுகிறோம் என்பதற்கு மேல் அதிகம் சொல்வதற்கில்லை.

பேரேடு எழுதக் கற்ற உலகம்

பொருளின் பிறப்பு முதல் இறப்பு வரை எண்ணும் இந்தக் கலைக்கு இன்று ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு’ என்று பெயர். 1969இல் கோகோ கோலா நிறுவனம் கண்ணாடிப் புட்டியா, பிளாஸ்டிக் புட்டியா என்று தீர்மானிக்க ஓர் ஆய்வு செய்வித்தது. அதைத்தான் இத்துறையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அந்தக் கணக்கு எரிபொருள் பக்கம் திரும்பியது. 1975இல் பிரேசில் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது; அமெரிக்கா மக்காச்சோளத்துக்கு வரிச்சலுகை தந்தது. கவனியுங்கள்: 1900இன் கடலையெண்ணெய், 1942இன் கரி, 1975இன் கரும்பு எல்லாமே எண்ணெய்த் தட்டுப்பாட்டின் அல்லது அதைப் பற்றிய பயத்தின் பிள்ளைகள். பூமி சூடாவதற்கு மருந்து என்ற பட்டம் இவற்றுக்குப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் எழுந்த சண்டை ஆற்றலைப் பற்றியது. மக்காச்சோள எத்தனாலுக்குள் போகும் ஆற்றல் அதிலிருந்து வருவதைவிட அதிகம் என்றார் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிமென்டல். இல்லை, வரவுதான் கூடுதல் என்றார்கள் அமெரிக்க வேளாண் துறையினர். 2006இல் பெர்க்லியைச் சேர்ந்த ஃபாரலும் கூட்டாளிகளும் இரு தரப்புக் கணக்குகளையும் பிரித்து மேய்ந்தார்கள். சாராயம் வடித்தபின் மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகிறது. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் பாதிச் சண்டை இருந்தது. பழவங்காடித் தேங்காயின் புண்ணாக்குப் பிரச்சினை அயோவா மாநிலத்திலும் அதேதான்.

அடுத்த அடி பசுங்குடில் வாயுக்களிலிருந்து வந்தது. வயலில் போடும் நைட்ரஜன் உரத்தில் ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வலியது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சன் 2008இல் வெளியான ஆய்வில், இப்படி மாறும் பங்கு அதுவரை கணக்கில் எழுதப்பட்டதைவிட மிக அதிகம், மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் என்றார். அவர் கணக்குப்படி கடுகின டீசலும் மக்காச்சோள எத்தனாலும் பெட்ரோலிய எரிபொருளைவிடக் கூடுதலாகவே பூமியைச் சூடாக்கக்கூடும்.

அதே ஆண்டில் மூன்றாவது அடி. ஃபார்ஜியோன் குழுவினர் நிலத்தின் கடனைக் கணக்கிட்டார்கள். தென்கிழக்காசியாவின் சதுப்புக் கரிநிலக் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை வைத்தால், அந்த எண்ணெயால் மிச்சமாகும் கார்பன் காட்டோடு போன கார்பனை ஈடுகட்ட 423 ஆண்டுகள் ஆகும் என்றது அவர்கள் கணக்கு. சர்ச்சிங்கர் குழு இன்னும் ஒரு படி பின்னால் போனது. நீங்கள் காட்டை வெட்டவே வேண்டாம். சாப்பாட்டுக்கு விளைந்த சோளத்தை எரிபொருளுக்குத் திருப்பினால், அந்தச் சாப்பாட்டை விளைவிக்க வேறெங்கோ ஒருவர் காட்டை வெட்டுவார், அதுவும் உங்கள் கணக்கில்தான் சேர வேண்டும் என்றார்கள். கணக்கின் எல்லை வயல்வரப்பிலிருந்து நாட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

இன்றைய பம்பில்

இந்தியாவில் பெட்ரோலோடு 20 சதவீத எத்தனால் கலந்த எரிபொருள் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. முதலில் 2030 என்று வைத்த இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025இலேயே எட்டப்பட்டது. பழவங்காடியைக் கடக்கும் ஸ்கூட்டர்களின் டாங்கிலும் ஐந்தில் ஒரு பங்கு இப்போது கரும்போ மக்காச்சோளமோ அரிசியோதான். கரும்பு எத்தனால் பெட்ரோலைவிட 65 சதவீதமும், மக்காச்சோள எத்தனால் 50 சதவீதமும் குறைவாகப் பசுங்குடில் வாயு வெளியிடுகிறது என்பது நிதி ஆயோக் ஆய்வின் முடிவு.

இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்று இப்போது நமக்குப் புரியும். கரும்பாலையில் கொதிகலனுக்குச் சக்கையே கிடைக்கிறது. தானிய ஆலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிலக்கரியோ உமியோ வெளியிலிருந்து வாங்க வேண்டும். எந்த ஆலை எதை எரிக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே பெயருள்ள எத்தனால் நல்லதாகவும் கெட்டதாகவும் இருக்கலாம். சராசரி எண் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டிவிடுகிறது. கரும்பு தன் பங்குக்குத் தண்ணீர்க் கணக்கில் தோற்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொன்னது. நிலத்தடி நீரை மேலே இழுக்கும் மோட்டாரின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. வயலில் விழும் யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது, அந்த வாயுவில் பெரும்பகுதி கப்பலில் இறங்குகிறது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துவதே எத்தனால் திட்டத்தின் முதல் நோக்கம் என்றால், அந்த மிச்சத்திலிருந்து இந்த இறக்குமதியையும் கழித்துத்தானே எழுத வேண்டும்? 2024இல் இந்தியா நிகர மக்காச்சோள இறக்குமதி நாடாகவும் மாறியது. கோழிப்பண்ணைக்குப் போன சோளம் எத்தனாலுக்குப் போனதும் தீவனத்துக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிவந்தது. சர்ச்சிங்கர் சொன்ன கடன் இந்த வழியாகத்தான் எல்லை கடக்கிறது.

இலைக்குள் நடக்கும் ஒளிச்சேர்க்கை சூரிய ஆற்றலில் நூறில் ஒரு பங்கைப் பிடித்துவைத்தாலே அதிகம். சூரிய மின்தகடு இருபது பங்கு பிடிக்கிறது. ஒரு ஹெக்டேரில் தகடு பரப்பினால் கிடைக்கும் ஆற்றல், அதே ஹெக்டேர் தென்னந்தோப்பின் எண்ணெயைப்போல் நூறு மடங்குக்கு மேல். தகடு செய்யவும் பேட்டரி செய்யவும் ஆகும் செலவை முழுதாக எழுதினாலும் அந்த இடைவெளி மூடாது. 2022 முதல் திருவனந்தபுரம் நகரில் மின்சாரப் பஸ்கள் ஓடுகின்றன. அவற்றின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அவற்றிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

தாவர எரிபொருளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட இதையெல்லாம் சொல்லவில்லை. அழுகவிட்டால் மீத்தேனாகும் கழிவிலிருந்து, வேறு பயன் இல்லாத சக்கையிலிருந்து எடுக்கும் எரிபொருள் எந்தக் கணக்கிலும் தேறுகிறது. சோற்றுத் தட்டோடும் காட்டோடும் போட்டிபோடுவதுதான் தேறுவதில்லை. 1942இல் கேட்ட கேள்வி ‘பஸ் நாளைக்கு ஓடுமா?’ என்பது. இன்றைய கேள்வி ‘பூமி குறைவாகச் சூடாகுமா?’ என்பது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையைத்தான் இரண்டாவது கேள்விக்கும் எழுதிவைத்திருக்கிறோம். ஆலைவாரியாக, பயிர்வாரியாகக் கணக்கை வெளியிட்டு, தேறியதற்கு மட்டும் அரசு விலைச்சலுகை தந்தால்தான் இரண்டாவது விடை பிறக்கும்.

அப்படிக் கணக்குப் பார்க்காமல் லட்சக்கணக்கான ஹெக்டேருக்குத் திட்டம் போட்டு இறங்கிய ஒரு கதை நம்மிடமே இருக்கிறது. 2003இல் திட்டக் கமிஷன் குழு, ஆடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், தரிசிலும் வளரும் என்று ஒரு வேலிச்செடியைத் தேர்ந்தெடுத்தது. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் கடலைக் கொல்லைகளில் அதை நட்ட விவசாயிகளுக்கு என்ன ஆயிற்று?

அடுத்த இதழில்: காட்டாமணக்கு.

(தொடரும்)